அண்ணியின் மார்க்கெட் நடை

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் அண்ணன் வீட்டுக் குளியலறைக் கதவைத் தள்ளியபோது கண்ட காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அண்ணி ஈரத்தரையில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அண்ணனின் தலை அவர் மடியில் இருந்தது. அண்ணன்மேல் ஒரு பெரிய துண்டு. அவருடைய இடது முழங்கைக்குக் கீழே அண்ணியின் புடவைத் தலைப்பு நான்காய் மடித்து வைக்கப்பட்டிருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்ததும் அண்ணி, "தூக்கிப் பாத்தேன் தம்பி. என்னால முடியல" என்றார். யாரோ கேட்ட கணக்குக்குப் பதில் சொல்வதுபோல அவ்வளவு தட்டையாகச் சொன்னார்.

அண்ணியின் போன் வந்ததும் வைட்ஃபீல்டில் இருந்து காரில் கிளம்பி அந்தக் காலை நெரிசலில் நான் வந்து சேர்வதற்குள் அவர்கள் அப்படியே வெகுநேரம் காத்திருந்திருக்கிறார்கள். வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கீழ்வீட்டுக்காரர்கள் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள், தெருக்கடைகள் இன்னும் திறந்திருக்கவில்லை. ஜன்னலில் நின்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார் அண்ணி. ரயில் போகிற சத்தத்தில் அந்தக் குரல் யார் காதிலும் விழவில்லை. நான் வரும்போது கடை திறந்துகொண்டிருந்த இஸ்திரிக்காரரைக் கையோடு அழைத்து வந்தேன். இருவருமாக அண்ணனைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினோம். நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். தூக்கம் வந்ததால் மூடவில்லை என்பது மூவருக்கும் தெரிந்திருந்தது.

அண்ணன் பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடும்பம் மைசூர் ராஜ்ய காலத்திலிருந்தே சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த குடும்பம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். அந்த மூன்று மாடி வீட்டை அவரே வரைந்து, அவரே நின்று கட்டினார். "நான் இருக்குற வரைக்கும் எனக்கு எதுக்குடா லிஃப்ட்டு?" என்று அன்றைக்குச் சிரித்தவர். ஓய்வு பெற்ற மறு வருஷமே பக்கவாதம் வந்து இடது கையையும் இடது காலையும் பிடித்துக்கொண்டது. பேச்சு கொஞ்சம் குழறியது, புத்தி தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவுதான் அவருக்குப் பெரிய தொந்தரவு. உதவிக்கு வைத்த ஆள் சில வாரங்களில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். அதற்கடுத்த வாரம்தான் இந்த விழுதல்.

அன்று மத்தியானம் சமையலறையில் நான் அண்ணியிடம் பேசினேன். எங்கள் அடுக்ககத்தில் ஒரு வீடு வாடகைக்கு இருந்தது. லிஃப்ட் உண்டு, காவலாளி உண்டு, பக்கத்திலேயே நான் உண்டு. எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அண்ணி பொறுமையாகக் கேட்டார். அவர் சர்க்கார் அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து, அண்ணனுக்காக முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டவர். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாத பழக்கம் அங்கிருந்து வந்தது. நான் முடித்ததும் கேட்டார்: "அங்க லிஃப்ட் இருக்குது, சரி. அந்த லிஃப்ட் அவரை பாத்ரூம்ல இருந்து தூக்குமா தம்பி?"

அவரே தொடர்ந்தார். "இன்னொரு தடவ அவர் விழலாம். விழாம பாத்துக்கணும், ஆனா விழலாம். அப்ப நான் இப்படி ஒக்காந்துக்கிட்டு யார் வருவாங்கன்னு வாசலப் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

அண்ணிக்கு அப்போது வயது ஐம்பத்தாறு. ஒல்லியான உடம்பு. எங்கள் வீட்டுக்கு வந்த நாள் முதல் அவர் கனமாக எதையும் தூக்கி நான் பார்த்ததில்லை. சிலிண்டரை உருட்டுவதற்குக்கூட அண்ணனைத்தான் கூப்பிடுவார். அதனால் அந்தப் பேச்சை அப்போதைய வேதனையில் சொன்ன வார்த்தை என்று எடுத்துக்கொண்டு நான் கிளம்பிவிட்டேன்.

அடுத்த சில நாட்களில் அண்ணி ஒரு ஜிம்மைக் கண்டுபிடித்திருந்தார். ஸ்ரீராம்புரம் பக்கம், ஒரு எலக்ட்ரிகல் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட ஒரே ஹால். காலையில் பெண்களுக்கு மட்டும் என்று ஒரு வகுப்பு. அந்த நேரம் கீழ்வீட்டுக்காரம்மா வேலைக்குக் கிளம்புமுன் அண்ணனோடு வந்து இருப்பார். நடத்தியவள் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த பெண். படிக்கிற காலத்தில் விளையாட்டு வீராங்கனை, பிறகு இங்கேயே அறை எடுத்துத் தங்கி பயிற்சியாளர் ஆகிவிட்டவள். முதல் நாள் நடந்ததை அவளே பிற்பாடு எனக்குச் சொல்லிச் சிரித்தாள். வருகிற எல்லோரும் இத்தனை கிலோ குறைய வேண்டும் என்றுதான் கேட்பார்களாம். அண்ணி போய் நின்றதும், "எழுபத்தஞ்சு கிலோ தூக்கணும்மா" என்றாராம்.

"எதுக்கு ஆன்ட்டி, காம்படிஷனுக்கா?"

"எங்க வீட்டுக்காரரை."

அந்தப் பெண் அப்போது சிரிக்கவில்லை. அண்ணியை ஸ்டூலில் உட்காரவைத்து முழுவதையும் கேட்டாள். கேட்டபிறகு சொன்னாளாம்: "மனுஷன மூட்டை மாதிரி தூக்கக் கூடாது ஆன்ட்டி. உங்க முதுகும் போயிடும், அவரு தோளும் எறங்கிடும். எப்படிப் புடிக்கணும், எப்படி எழுப்பணும்னு அவரு பிசியோதெரபிஸ்ட்கிட்ட கத்துக்கோங்க. அதுக்கு வேணும்ங்கற பலத்த நாம இங்க சேத்துக்கலாம். டைம் ஆவும், பரவால்லையா?" பரவாயில்லை என்றார் அண்ணி.

அந்த ஹாலில் பெரிய இயந்திரங்கள் எதுவும் இல்லை. சுவரோரம் வரிசையாகக் கெட்டில்பெல்கள். பீரங்கிக் குண்டுக்குக் கைப்பிடி வைத்ததுபோல இருக்கும் அந்த இரும்புக் குண்டுகளை அதுவரை நான் சினிமாவில்தான் பார்த்திருந்தேன். முதல் சில வாரங்கள் அண்ணியை அதில் எதையும் தொடவிடவில்லை அந்தப் பெண். முதுகோடு ஒரு துடைப்பக் கம்பை வைத்து, பின்தலை, நடுமுதுகு, இடுப்புக்குக் கீழ் என்று மூன்று இடத்திலும் அது ஒட்டியிருக்க, இடுப்பை மட்டும் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். முதுகு வளைந்தால் கம்பு விலகிவிடும். "ரெண்டு கையிலயும் துணி இருக்குது, பீரோ கதவ எப்படிச் சாத்துவீங்க? இடுப்பால தள்ளுவீங்க இல்ல, அதான்" என்பாளாம். அண்ணி வீட்டில் பீரோ, குளிர்சாதனப் பெட்டி, சமையலறைக் கதவு எல்லாவற்றையும் இடுப்பாலேயே சாத்த ஆரம்பித்தார். கட்டிலில் இருந்தபடி அண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமைகளில் அண்ணனோடு இருக்க நான் மெட்ரோவில் வந்துவிடுவேன். ஒரு சனிக்கிழமை என் மனைவி அண்ணனுக்குத் துணையாக இருக்க, ஜிம்மில் அன்று குடும்பத்தோடு வரலாம் என்றார்கள் என்று அண்ணி என்னையும் இழுத்துப் போனார். அதற்குள் அண்ணி தரையிலிருந்து குண்டைத் தூக்குவதில் தேறியிருந்தார். அன்று பார்த்தது வேறு பயிற்சி: குண்டைத் தூக்கிக்கொண்டு நடப்பது. இரண்டு கையிலும் ஒவ்வொன்று பிடித்து ஹாலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க வேண்டும். அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் சொன்னாள் அந்தப் பெண். அண்ணி அதை மார்க்கெட் நடை என்றார். காய்கறிப் பைகளோடு மூன்று மாடி ஏறுகிற பெண்ணுக்கு இதற்கு வேறு பெயர் எதற்கு? பிறகு ஒரு கையில் மட்டும் குண்டைப் பிடித்து, மறு கையைச் சும்மா விட்டு நடக்க வேண்டும். இதில் இருக்கிற சூட்சுமம் எனக்குத் தூக்கின பிறகுதான் புரிந்தது. கனம் ஒரு பக்கம் இழுக்கிறது, உடம்பு அந்தப் பக்கம் சாயப் பார்க்கிறது. சாயாமல் இருப்பதுதான் பயிற்சியே. "தலைமேல டம்ளர் நெறைய காபி இருக்குதுன்னு நெனச்சுக்கோங்க" என்றாள். என் காபி முதல் அடியிலேயே கொட்டிப்போனது. "சார், நீங்க நடக்கல. வெயிட்டுதான் உங்களக் கூட்டினு போவுது" என்று அவள் சொல்ல, ஹாலில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. என்னைத் தாண்டி, கழுத்து நரம்பு புடைக்க, நேராகப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். அந்த நடையில் அவசரம் இல்லை. நான் கல்லூரியில் படித்த காலத்திலிருந்து பார்த்துவரும் அண்ணி அன்று எனக்குப் புதிதாகத் தெரிந்தார்.

உறவுக்காரர்கள் பேசாமல் இருப்பார்களா? ஒரு சீமந்தத்தில், "இந்த வயசுல என்னத்துக்கும்மா இந்த பயில்வான் வேல? ஆள் வெச்சுக்கிட்டா ஆச்சு" என்றார் ஒரு பெரியம்மா. "ஆள் ராத்திரிக்கு வீட்டுக்குப் போயிடுவான் பெரியம்மா, நான் எங்க போறது?" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார் அண்ணி. உறவினரைச் சமாளிப்பது சுலபமாக இருந்தது. சுலபமாக இல்லாதவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

பிசியோதெரபிஸ்ட், அண்ணனின் இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டி, அதைப் பிடித்துக் கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற்றும் முறையை அண்ணிக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். பலவீனமான கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பது முதல் பாடம். ஒரு நாள் நான் இருக்கும்போது அண்ணி அந்த பெல்ட்டை எடுத்து வந்து, "இன்னிக்கு நானே பண்ணிப் பாக்கறேங்க" என்றார். அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "நான் என்ன சிமெண்ட் மூட்டையா, நீ பழகிப் பாக்கறதுக்கு?" என்றார். குழறலிலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. "ஊர்ல இருக்குற இரும்பையெல்லாம் தூக்கிட்டு வந்து, கடைசில என்னைத் தூக்கிக் காட்டப் போறியா? தம்பி இருக்கான் இல்ல, அவன் பிடிக்கட்டும். நீ தொடாத."

அண்ணி பெல்ட்டைச் சுருட்டி மேஜைமேல் வைத்தார். வீட்டுப் பயிற்சிக்கென்று வாங்கி வைத்திருந்த குண்டை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். நாங்கள் இருவரும் கீழே உட்கார்ந்திருந்தோம். சற்று நேரத்தில் தலைக்கு மேலே காலடிச் சத்தம் கேட்டது. கனத்த, சீரான அடிகள். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு, திரும்பி மறுபடி இந்த மூலைக்கு. கோபத்தில் நடக்கிறவரின் நடை வேகம் கூடும், குறையும். இது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அண்ணன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்ப நிறுத்துவா இவ?" என்று கேட்டார். அண்ணனும் அண்ணியும் பேசிக்கொள்ளாமலேயே ஒரு வாரம் போயிற்று என்று அடுத்த முறை போனபோது தெரிந்தது. ஜிம்முக்கும் மாடிக்கும் போவதை மட்டும் அண்ணி ஒரு நாளும் விடவில்லை.

இந்த நிலையில்தான் அண்ணன் மறுபடி விழுந்தார். மழை பிடித்துக்கொண்ட மத்தியான வேளை. நான் ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்புவதற்குள், கட்டில் விளிம்பில் இருந்தவர் செருப்பைக் காலால் தேடப் போய் மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அடி எதுவும் படவில்லை. நான் ஓடிப்போய் அக்குளில் கை கொடுக்கப் போனேன். "தம்பி, தள்ளி நில்லுங்க" என்ற குரல் கேட்டது. அண்ணி வாசற்படியில் நின்றார். நான் கையை எடுத்துவிட்டேன்.

அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டார். அண்ணி அவசரப்படவில்லை. முதலில் எங்காவது வலிக்கிறதா என்று கேட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்து வந்து அண்ணனின் வலது பக்கம் போட்டார். பெல்ட்டை எடுத்து அவர் இடுப்பில் கட்டினார். பிறகு அவர் முகத்துக்கு நேரே மண்டியிட்டு உட்கார்ந்து சொன்னார்: "நான் உங்களைத் தூக்கப் போறதில்ல. நீங்கதான் எழுந்திரிக்கப் போறீங்க. நான் கூட இருக்கேன், அவ்ளோதான். நீங்க சாஞ்சா நான் சாய மாட்டேன். அதுக்குத்தான் இத்தன நாளா போயிட்டு வரேன்."

அண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்தார். வலது கையை நாற்காலியில் ஊன்றினார். வலது காலை மடித்து நிறுத்த அவருக்கு வெகுநேரம் பிடித்தது. அண்ணி அவருடைய இடது முட்டியைத் தன் முட்டியால் அணைத்து, பெல்ட்டைப் பிடித்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்தார். ஜிம்மில் கம்பை வைத்துப் பழகிய அதே குனிவு. "இப்ப" என்றார். அண்ணன் எழுந்தார். பாதி எழுந்ததும் உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. முழுக் கனமும் அண்ணிமேல் வந்ததை நான் பார்த்தேன். அண்ணியின் பாதங்கள் தரையை விட்டு நகரவில்லை. முதுகு வளையவில்லை. அண்ணன் சாய்ந்த இடத்திலிருந்து தானே நிமிர்ந்து, ஒரு மூச்சு வாங்கி, முழுதாக நின்றார். கட்டிலில் உட்கார்ந்தபிறகு இரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. அண்ணன் தன் வலது கையால் அண்ணியின் நெற்றியைத் துடைத்துவிட்டார். நான் ஜன்னலைச் சாத்தப் போனேன். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

அன்று காபி குடிக்கும்போது அண்ணன் கேட்டார்: "அந்தக் குண்டுல சின்னது இருக்கா?"

பிசியோதெரபிஸ்டைக் கேட்காமல் அண்ணி எதுவும் செய்யவில்லை. அவரும் அந்தக் கோலார்ப் பெண்ணும் போனில் பேசி முடிவு செய்தார்கள். முதலில் வெறுங்கையோடு சுவரோரமாக. கொஞ்ச நாள் கழித்து வலது கையில் ஒரு சிறிய குண்டு, பெல்ட்டைப் பிடித்தபடி அண்ணி இடது பக்கம். படுக்கையறையிலிருந்து கூடம்வரை. என் அண்ணன் எதையும் பாதியில் விடுகிறவர் அல்ல. பாலம் கட்டியவர். நடந்து முடித்ததும் எங்கே சாய்ந்தேன், எந்த இடத்தில் கால் இழுத்தது என்று அவரே சொல்வார். சில நாட்கள் மோசமாக இருக்கும். கால் சொன்னபடி கேட்காது. குண்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அன்று மாலை அண்ணி மட்டும் மாடியில் நடப்பார். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருப்பவர், மறுநாள் காலையில் தானே பெல்ட்டைக் கேட்பார். படிகளைத் தொட இன்னும் பல மாதங்கள் ஆயின. முதலில் ஒரு மாடி இறங்கி, அங்கே போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, மறுபடி ஏறினார். அதற்கே அன்று தெருவில் இருந்த இஸ்திரிக்காரர் மேலே வந்து அண்ணனின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

கோயம்புத்தூரில் இருக்கும் அவர்கள் மகளுக்கு வளைகாப்பு நிச்சயமானபோது, எல்லோரும் அண்ணி மட்டும் போய் வந்தால் போதும் என்றோம். மகளே போனில் அழுதபடி அப்படித்தான் சொன்னாள். அண்ணன், "நான் வரேன்னு அவகிட்ட சொல்லிடு" என்று சொல்லிவிட்டு அண்ணியைப் பார்த்தார். அண்ணி தலையை ஆட்டினார். அதற்கப்புறம் அந்த வீட்டில் எல்லாம் அந்தப் பயணத்துக்கான பயிற்சியாகவே ஆனது.

ஸ்டேஷன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனாலும் அன்று விடியற்காலையில் மூன்று மாடி இறங்கி ஆட்டோவில் ஏறுவதற்குள்ளேயே அண்ணனுக்குப் பாதி பலம் போய்விட்டது. பிளாட்பாரத்துக்கு வந்தால் எங்கள் ரயில்பெட்டி அந்தக் கோடியில் நின்றது. என் ஒரு தோளில் மடக்கிய சக்கர நாற்காலி, மறு கையில் பெரிய சூட்கேஸ். நாற்காலியை விரிக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றார் அண்ணன். வலது கையில் ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்தார். அண்ணியின் இரண்டு கையிலும் சீர்ச் சாமான் பைகள். வளையல், பழம், பட்சணம், வெள்ளிச் சொம்பு, பித்தளை விளக்கு என்று அத்தனையும் அதற்குள். சிவப்புச் சட்டைப் போர்ட்டர் ஒருவர் கை நீட்டினார். "பேடப்பா, நானே தொகொண்டு ஹோக்தினி" என்று கன்னடத்தில், வேண்டாம் நானே எடுத்துப் போகிறேன் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு அண்ணி அண்ணனின் இடது பக்கம் வந்து நடந்தார்.

பாதி வழியில் அண்ணன் நின்றுவிட்டார். காலை எடுத்து வைக்க முடியவில்லை. மக்கள் எங்களை இடித்துக்கொண்டு ஓடினார்கள், ஒலிபெருக்கி எங்கள் ரயிலின் பெயரைச் சொல்லியது. நான் நாற்காலியைத் தோளில் இருந்து இறக்கப் போனேன். அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்தார். "கொஞ்சம் இரு" என்றார். அண்ணியும் நின்றார். பைகளைக் கீழே வைக்கவில்லை. இரண்டு கனத்தையும் பிடித்தபடி, தோள் இறங்காமல், நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் மூச்சு வாங்கியபடி, "வெச்சிடேன், கை வலிக்கப் போவுது" என்றார். "நீங்க நடக்கறப்ப நான் நடக்கறேன்" என்றார் அண்ணி. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. அந்தச் சமயத்தில் எங்கள் மூவரைத் தவிர அந்த ஸ்டேஷனில் எல்லாமே அசைந்துகொண்டிருந்தன. பிறகு அண்ணனின் இடது கால் நகர்ந்தது. அண்ணியும் நகர்ந்தார். எங்கள் ரயில்பெட்டி வரும்வரை இருவரும் மறுபடி நிற்கவில்லை.

கோயம்புத்தூரில் மகள் வாசலுக்கே ஓடி வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றதையோ, அவள் கையில் அண்ணன் ஒற்றைக் கையால் வளையல் போட்டதையோ நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அதை நினைத்தால் எழுத முடியவில்லை. அண்ணனின் இடது கை இன்றும் மடங்கியபடிதான் இருக்கிறது. ஊன்றுகோல் இருக்கிறது. சில நாட்கள் படி இறங்கவே முடிவதில்லை. முழுதாகக் குணமானார் என்று எழுதினால் அது பொய். பேரன் வந்தால் அவனைத் தூக்கி அண்ணனின் மடியில் உட்காரவைப்பது அண்ணிதான். ஜிம்மில் இப்போது அவரைவிடக் கனமாகத் தூக்குகிறவர்கள் இரண்டு பேர்தான் என்று அந்தக் கோலார்ப் பெண் சொல்கிறாள். நானும் எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் காலை வேளைகளில் குண்டைப் பிடித்து நடக்கிறேன். விரல்கள் எரிந்து கீழே வைத்துவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம், பிளாட்பாரத்தில் பைகளோடு நின்ற அண்ணி நினைவுக்கு வருவார். தன்னால்தான் இவள் காத்திருக்கிறாள் என்று கணவன் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அவர் அப்படி நின்றார் என்று எனக்கு நானே அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தேன். பலரிடம் அப்படியே சொல்லியும் இருக்கிறேன்.

போன மாதம் ஒக்கலிபுரம் போயிருந்தபோது அண்ணியிடமே கேட்டேன். அன்றைக்கு ஏன் பைகளைக் கீழே வைக்கவில்லை?

அண்ணி அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"வெச்சிருந்தா என்னால மறுபடி எடுத்திருக்க முடியாது தம்பி. கை மரத்துப் போச்சு. அதான் வெக்கல."

கூடத்திலிருந்து அண்ணன் சிரிக்கிற சத்தம் கேட்டது. "எனக்கு அப்பவே தெரியும்டா" என்றார். "அதனாலதான் நான் சீக்கிரம் நடந்தேன்."